ஒவ்வொரு கேள்விக்கும் மலையேறணுமா?

பொட்டி தட்டுற மக்களுக்கான பதிவு இது. மத்தவங்க பயப்பட வேணாம், எங்க ஊர் மலை நடுவுல வந்து காப்பாத்தும்.

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படின்னு சொல்லுவாங்க. வண்டியில போக ரோடும் இருக்கு. அம்மா கீழே உக்காந்துக்கிட்டு, "மேலே கூட்டமா இருக்கான்னு பாத்துட்டு வாடா"ங்கறாங்க. ஏறி இறங்கி வந்து சொல்றீங்க. "அபிஷேகம் முடிஞ்சுதா?" மறுபடி ஏறுறீங்க. "பிரசாதம் கெடைக்குதா?" மூணாவது தடவை... எந்த மனுஷனும் செய்ய மாட்டான். ஆனா நாம எழுதுற சாஃப்ட்வேர் இதைத்தான் செய்யுது.

சில வருஷம் முன்னாடி நான் ஆணி புடுங்கின ஒரு இடத்துல சுமார் 300 வர்ச்சுவல் மெஷின் ஓடிச்சு. அதாவது, சில பெரிய சர்வருக்குள்ள 300 குட்டி கம்ப்யூட்டர் குடித்தனம். அதையெல்லாம் கண்காணிக்க ஒரு ஸ்கிரீன். ஓடுதா, சிபியு எவ்வளவு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க்குன்னு ஒரு மெஷினுக்கு 5 கேள்வி. ஒரு சுத்துக்கு 1500 கேள்வி, ஒண்ணு பின்னால ஒண்ணா.

ஒரு ராத்திரி ஒரு மெஷினோட ஸ்டோரேஜ் மாட்டிக்கிச்சு. அதோட டிஸ்க் கேள்விக்குப் பதில் வரலை. பின்னால வரிசையில நின்ன எல்லாக் கேள்வியும் அப்படியே நின்னுடுச்சு. ஸ்கிரீனோ பழைய பச்சை விளக்கையே காட்டிக்கிட்டு இருந்துச்சு. பில்லிங் மெஷின் படுத்து 40 நிமிஷம் யாருக்கும் தெரியலை. காலைல மீட்டிங்ல நைட் ஷிஃப்ட் பையனுக்குச் செம டோஸ். "ஸ்கிரீன்ல பச்சையாத்தான் சார் இருந்துச்சு"ன்னான். யாரும் காதுல வாங்கலை. அந்த ஸ்கிரீனை எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன். நானும் வாயைத் திறக்கலை. அது இன்னும் உறுத்துது.

இது எங்க பிரச்சினை மட்டும் இல்லை. லினக்ஸ்ல மெஷின்களை நிர்வகிக்கிற லிப்விர்ட் இதே பள்ளத்துல விழுந்து எழுந்துதான் கத்துக்கிச்சு. ஆரம்பத்துல அதுல ஓடுற மெஷின் பட்டியல் தனி, ஓடாத மெஷின் பட்டியல் தனி. நீங்க முதல் பட்டியலை வாங்கி, ரெண்டாவதைக் கேக்கறதுக்குள்ள ஒரு மெஷின் கிளம்பிட்டா, அது ரெண்டுலயுமே இருக்காது! மலையடிவாரத்துல இருக்கறவங்களை எண்ணிட்டு நீங்க படியேறும்போது, மேலே இருந்தவர் ரோடு வழியா கீழே இறங்கிட்ட கதைதான். 2012-ல எல்லாத்தையும் ஒரே மூச்சுல தர்ற பட்டியல் வந்துச்சு. 2014-ல எல்லா மெஷினோட புள்ளிவிவரத்தையும் ஒரே அழைப்புல வாங்குற வசதி வந்துச்சு. ஒரு ஹோஸ்ட்டுக்கு ஒரே கேள்வி.

அதுலயும், எது எது வேணும்னு நீங்களே சொல்லலாம். இது முக்கியம். எல்லா விவரமும் ஒரே விலை இல்லை. சிலது ஹோஸ்ட்லயே கைக்கெட்டுற தூரத்துல இருக்கும். டிஸ்க் மாதிரி சிலதுக்கு அந்த மெஷினை ஓட்டுற க்யூஎம்யூகிட்டயே போய்க் கேக்கணும். பட்டியல் பக்கத்துக்கு ஓடுதா இல்லையாங்கறது போதும்னா, டிஸ்க் கணக்கை ஏன் இழுத்துட்டு வரணும்?

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2018-ல வந்த ஒரு சின்ன வசதி. ஒரு மெஷின் வேற வேலையில மாட்டியிருந்தா காத்திருக்காதே, கெடைச்சதை மட்டும் குடுன்னு கேக்கலாம். அன்னிக்கு எங்க ஸ்கிரீன் இப்படிக் கேட்டிருந்தா, அந்தப் பையன் திட்டு வாங்கியிருக்க மாட்டான்.

"வேகமான சர்வர் வாங்கிட்டா சரியாயிடும்"னு ஒரு கோஷ்டி சொல்லும். அது படிக்குப் பதிலா ஆட்டோ பிடிச்சு ரோடு வழியா போற மாதிரி. மூணு தடவை போறது மூணு தடவைதான். "பழைய பதிலைச் சேத்து வெச்சுக் காட்டலாமே"ன்னு இன்னொரு கோஷ்டி. தாராளமா காட்டுங்க. ஆனா அது எத்தனை மணிக்கு வாங்குன பதில்னு பக்கத்துலயே போடுங்க. வயசு தெரியாத பச்சை விளக்கு பொய் சொல்ற விளக்கு.

என் கட்சி இதுதான். மெஷின் எப்படி அடுக்கி வெச்சிருக்குன்னு பாத்து கேள்வியை வடிவமைக்காதீங்க. ராத்திரி 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்துல உக்காந்திருக்கறவன் என்ன கேப்பான்னு பாருங்க. "எது எது சரியில்லை?" இந்த ஒரே கேள்விதான் அவனுக்கு. அதுக்கு ஒரே நடையில பதில் வரணும். பதில் வராததை "பதில் வரலை"ன்னே காட்டணும். பழைய பச்சையை நீட்டக் கூடாது.

வேகம்னா மில்லிசெகண்டு கணக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். தப்பு செய்யாத ஒருத்தன் மீட்டிங்ல தலைகுனிஞ்சு நிக்காம இருக்கறதும் அதுல அடக்கம்னு அந்தக் காலைல புரிஞ்சுது.

டிஸ்கி: அம்மா நெஜத்துல என்னை ஒரு தடவைதான் மலைக்கு அனுப்புவாங்க, கையில முழு லிஸ்ட்டோட. அவங்க லிப்விர்ட்டுக்கு ரொம்ப முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்க :)