காற்று ஓய்ந்த கடலில் நேத்ராவின் கணக்கு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் மார்சே கடலில் நடைபெற்றன. மகளிர் ஐ.எல்.சி.ஏ. 6 பிரிவின் முதல் பந்தயத்தில் சென்னை வீராங்கனை நேத்ரா குமணன் 6-ஆம் இடம் பிடித்தார். இறுதியில் கிட்டியது 21-ஆம் இடம். டோக்கியோவில் 35-ஆவதாக வந்தவருக்கு இது முன்னேற்றமே. எனினும், பதக்கப் பந்தயத்துக்கு முதல் 10 பேரே தகுதி பெறுவர்.

அனைவருக்கும் ஒரே வகைப் படகு, மாறுவது காற்று. மார்சேயில் காற்று அடிக்கடி ஓய்ந்ததால் பந்தயங்கள் தள்ளிப்போயின, சில கைவிடப்பட்டன. பிடித்த இடமே புள்ளி. குறைந்த புள்ளியே வெற்றி. மிக மோசமான ஒரு முடிவு மட்டுமே கழிக்கப்படும். இரண்டாவது சறுக்கல் கணக்கில் நிற்கும். ஒரு நாள் வேகம் இங்கே போதாது. பலவகைக் காற்றில் பயின்ற அனுபவமே கைகொடுக்கும். நேத்ரா ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவு வரை சென்று பயின்றவர். அவ்வாய்ப்பு எல்லா இந்திய வீரர்களுக்கும் எளிதில் கிட்டுவதில்லை.