பி.சி.ஓ.எஸ்.: சர்க்கரைப் பரிசோதனைக்கு 30 வயது வரை காத்திருக்கலாமா?

நம் நாட்டில் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கண்டறியும் மக்கள்தொகை அளவிலான பரிசோதனைத் திட்டம் 30 வயது நிறைந்தோருக்காக வகுக்கப்பட்டுள்ளது. சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி எனப்படும் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள் அந்த வயது வரை காத்திருத்தல் கூடாது. 2023ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், வயதும் உடல் எடையும் எவ்வாறிருப்பினும், நோய் கண்டறியப்படும்போதே இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்குமாறு பரிந்துரைக்கிறது.

ஏன் இந்த அவசரம்?

பெயரில் 'நீர்க்கட்டி' என்று இருப்பினும், ஸ்கேனில் தெரிபவை முதிர்ச்சியடையாத சினைமுட்டைப் பைகளே. அவற்றை அறுவை செய்து அகற்றத் தேவையில்லை. இந்நோய் உள்ள பலருக்கு இன்சுலின் உடலில் முறையாகச் செயற்படுவதில்லை. அதனை ஈடுசெய்ய உடல் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின், சினைப்பையில் ஆண் இயக்குநீர் உற்பத்தியைத் தூண்டுகிறது. மாதவிடாய் தவறுதல், முகத்தில் முடி வளர்தல், முகப்பரு ஆகியவை இதன் வெளிப்பாடுகள். நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகரிப்பது, வெளியே தெரியாத மற்றொரு பக்கம். ஆசியப் பெண்களுக்கு மிகையான எடை இல்லாதபோதும் இப்பாதிப்பு ஏற்படலாம்.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டிய பரிசோதனைகள்

• சர்க்கரை: 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி 2 மணி நேரம் கழித்துச் செய்யப்படும் பரிசோதனையே சிறந்தது. வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் சிலரிடம் பாதிப்பைத் தவறவிடும். உங்கள் நிலைக்கேற்ப 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதனை மீண்டும் செய்ய வேண்டும்.

• இரத்த அழுத்தம்: ஆண்டுக்கு ஒருமுறையும், கருத்தரிக்கத் திட்டமிடும்போதும்.

• கொழுப்புச்சத்து: நோய் கண்டறியப்பட்டவுடன்.

• மனநலம்: மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயில் மிகுதி. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவச ஆலோசனை பெறலாம்.

மாதவிடாய் தவறினால்

மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராவிடில் மருத்துவரை அணுகுங்கள். இந்நிலை நீடித்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, காலப்போக்கில் புற்றுநோயாக மாறும் அபாயம் உண்டு. அத்தகையோர் மிகச் சிலரே. இயக்குநீர் மாத்திரைகளால் இதனைத் தடுக்கவும் இயலும்.

சிகிச்சையும் குடும்பத்தாரும்

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும் சீரான உணவும் சிகிச்சையின் அடித்தளம். எடை குறையாவிட்டாலும் அவற்றால் பயன் உண்டு. தேவைப்படின் மெட்ஃபார்மின் போன்ற மருந்துகளை மருத்துவர் பரிந்துரைப்பார். குழந்தைப்பேறு விரும்புவோருக்குச் சினைமுட்டை வெளிப்படுவதைத் தூண்டும் மருந்துகள் உள்ளன, பலர் கருத்தரிக்கின்றனர்.

'திருமணமானால் சரியாகிவிடும்' என்று கூறிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். திருமணமோ மகப்பேறோ இந்நோயை நீக்குவதில்லை. மாதவிடாய் நின்ற பின்னரும் நீரிழிவு, இதய நோய் அபாயம் தொடரக்கூடும். எடையைச் சுட்டிக் குறை கூறுவதும் பயன் தராது. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே உணவு முறையைப் பின்பற்றுவது நோயாளிக்கு உண்மையான துணையாகும்.

உலக அளவில் இந்நோய் உள்ள பெண்களில் 70 விழுக்காடு வரையிலானோர் அதனை அறியாமலே இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. உங்களுக்கு நோய் கண்டறியப்பட்டுவிட்டது எனில், அடுத்த மருத்துவச் சந்திப்பில் மாதவிடாய் நாட்களின் குறிப்பைக் கொண்டு சென்று, சர்க்கரைப் பரிசோதனை குறித்து நீங்களே கேளுங்கள்.