கடை வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதுமா?

ராமநாதபுரம் மாவட்டத்துச் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் ஒரு செய்தி உண்டு. வேதாளையில் கஞ்சா மூட்டை பறிமுதல். அடுத்த தடவை மண்டபம், அதற்கடுத்து தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி... ஊர் பெயர் மட்டும்தான் மாறும். ஆந்திரா-ஒடிசா எல்லை மலைகளில் விளைகிற சரக்கு காரிலும் லாரியிலும் இங்கே வந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஃபைபர் படகு ஏறி அக்கரைக்குப் போகிறது. தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தானே! இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இலங்கையில் இந்தச் சரக்குக்குப் பெயர் "கேரளா கஞ்சா". சரக்கு வரும் இடம் மாறிவிட்டது, பிராண்ட் பெயர் மட்டும் மாறவில்லை.

சரி, இத்தனை மூட்டை கடந்து போகிற மாவட்டத்தில், கீமோதெரபி முடிந்து வாந்தி நிற்காமல் படுத்திருக்கும் ஒருவருக்கு அதே செடியில் இருந்து எடுத்த மருந்தை டாக்டர் சீட்டோடு போய் வாங்கிவர முடியுமா? கடத்துகிறவனுக்கு வழி தெரிகிறது, நோயாளியின் வீட்டுக்காரருக்குத்தான் தெரியவில்லை.

சட்டம் கதவை முழுக்க அடைத்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 8-வது பிரிவே "மருத்துவ, அறிவியல் காரியங்களுக்குத் தவிர" என்றுதான் தடை போடுகிறது. 10-வது பிரிவு கஞ்சா செடியை அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. சட்டத்தின் கணக்கில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி சேராமல் வரும் இலையும் விதையும் அதில் அடங்காது. இந்த இடைவெளியில்தான் ஆயுஷ் லைசென்ஸ் வாங்கிய கம்பெனிகள் "விஜயா" என்ற பெயரில் இலை எண்ணெய் தயாரித்து இன்டர்நெட்டில் விற்கின்றன. சித்த மருத்துவத்தில் இதே செடிக்கு சிவமூலி என்று பெயர். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளின் இ-1 அட்டவணையில் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய நச்சு மூலிகைகளில் ஒன்றாக இதுவும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு, மதுவிலக்கு மேடைகளில் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்களே அதே பிரிவு, அதிலும் "மருத்துவ நோக்கம் தவிர" என்ற வார்த்தை உண்டு. மேடையில் மட்டும் அதை விட்டுவிட்டுப் படிப்பார்கள்.

கஞ்சா சர்வரோக நிவாரணி என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டியதில்லை. 2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் இதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் அலசி ஒரு அறிக்கை கொடுத்தன. நாள்பட்ட வலி, கீமோதெரபி வாந்தி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் வரும் தசை இறுக்கம், இந்த மூன்றுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது என்றது. மீதி பலவற்றுக்கு ஆதாரம் போதாது. 2018-ல் குழந்தைகளின் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கு இந்தச் செடியில் இருந்து எடுத்த கேனபிடையால் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பட்டியல் சின்னதுதான். ஆனால் அந்தச் சின்னப் பட்டியலில் இருக்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 27-க்கு 25 என்ற ஓட்டில் கஞ்சாவை மிகக் கடுமையான நாலாவது பட்டியலில் இருந்து எடுத்தபோது, எடுக்கலாம் என்று ஓட்டுப் போட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் போட்ட ஓட்டு பரமக்குடி வரை இன்னும் வந்து சேரவில்லை.

நாளைக்கே தமிழ்நாடு அரசு 10-வது பிரிவைப் பயன்படுத்தி மருந்துக் கடைக்கு அனுமதி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடை எந்தத் தெருவில்? அதை யார் தீர்மானிப்பது? "எங்க ஊர்ல வேண்டாம்" என்று ராமேஸ்வரம் நகராட்சியோ பாம்பன் ஊராட்சியோ தீர்மானம் போட்டால்?

இந்தக் கேள்வியில் நமக்கு முன்பே அடிபட்டது கலிஃபோர்னியா. 1996-ல் அங்கே மக்கள் ஓட்டுப் போட்டு 215-வது பிரேரணையை நிறைவேற்றினார்கள். டாக்டர் சிபாரிசு இருந்தால் நோயாளி கஞ்சா வைத்துக்கொள்ளலாம், வளர்க்கலாம். எங்கே வாங்குவது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. விளைவு, ஊருக்கு ஒரு சட்டம். ஓக்லாந்து நகரம் 2004-ல் நாலே கடைக்கு லைசென்ஸ் கொடுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் 2007-ல் புதுக் கடைகளுக்குத் தடை போட்டது, கூடவே "கஷ்டநிலை விலக்கு" என்று ஒரு சந்தையும் விட்டது. அந்தச் சந்துக்குள் நூற்றுக்கணக்கில் கடைகள் புகுந்தன! 2012-ல் மொத்தத் தடை, சில மாதத்திலேயே வாபஸ், 2013-ல் மறுபடியும் மக்கள் ஓட்டு. வெனிஸ் பீச் பக்கம் டாக்டர் சீட்டுக்கு ஆள் பிடிக்கிற தொழிலே நடந்தது. முதுகுவலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரர்கள் பயந்ததில் தப்பே இல்லை. ரிவர்சைடு நகரம் கடையே கூடாது என்றது. வழக்கு மேலே போய், நகரங்களுக்கு அப்படித் தடை செய்யும் அதிகாரம் உண்டு என்று 2013 மே மாதம் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னது.

அதோடு முடிந்ததா? இல்லை. ஊர் ஊராகத் தடை வந்ததும், கார் ஓட்ட முடியாத நோயாளிக்குச் சட்டம் கொடுத்த உரிமை வெறும் பேப்பரில் நின்றது. கடைசியில் 2022-ல் மாநிலம் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் இருந்து, நகரம் கடையைத் தடுக்கலாம், ஆனால் நோயாளியின் வீட்டுக்கு மருந்து டெலிவரி செய்வதைத் தடுக்க முடியாது. இந்த ஒரு வரிக்கு வந்து சேர அவர்களுக்கு 26 வருஷம் ஆகியிருக்கிறது. நாம் அந்த 26 வருஷத்தையும் முதலில் இருந்து ஓட்டிப் பார்க்க வேண்டுமா என்ன?

தமிழ்நாட்டில் இதை யோசிக்கும்போது எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது டாஸ்மாக்தான். வரத்தான் வேண்டும். 2003-ல் சில்லறை விற்பனை முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டது. அந்த வருஷத்து விதிகள் கோயில், பள்ளிக்கூடத்தில் இருந்து நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்று தூரக் கணக்குச் சொல்கின்றன. டேப் வைத்து அளந்தால் முடிந்தது. 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் நெடுஞ்சாலையில் இருந்து 500 மீட்டர் தள்ளி வை என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் 2017-ல் ரோட்டில் இருந்து கிளம்பிய கடைகள் குடியிருப்புகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தன. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். கிராம சபைத் தீர்மானம் போட்டும் கடை திறந்த ஊர்கள், அதற்காக கோர்ட் படி ஏறிய ஊர்கள் எத்தனை எத்தனை! மகாராஷ்டிராவில் இதற்கு ஒரு ஓட்டெடுப்பே உண்டு. நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில் என்று இரண்டு சின்னம். பாதி வாக்காளர்கள் படுத்த பாட்டிலுக்குக் குத்தினால் கடை மூட வேண்டும். இங்கே அப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

ஊர் சொல்வது ஏன் ஏறவில்லை? காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு விடை சுலபம். 2023-24-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்கிறவனே விதி எழுதுகிறவனாகவும், வருமானம் வாங்குகிறவனாகவும் இருந்தால், "வேண்டாம்" என்கிற வாடிக்கையாளர் அல்லாத மனிதருக்கு அங்கே என்ன மதிப்பு? ஆகவே மருந்துக் கஞ்சாவை டாஸ்மாக் மாதிரி ஒரு கார்ப்பரேஷன் கையில் கொடுக்கவே கூடாது. லாபக் கணக்கு உள்ளே வந்த அன்றே டார்கெட் வரும், டார்கெட் வந்தால் ஆள் பிடிக்கும் டாக்டரும் வருவார். ராமநாதபுரத்தில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவுகள் இருக்கின்றன. அடக்க விலைக்கு அங்கேயே ஒரு கவுன்ட்டர், சீட்டு எழுதிய டாக்டர் பெயரோடு ஒரு ரெஜிஸ்டர், அவ்வளவு போதும்.

இதற்கு மறுப்புச் சொல்கிறவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கடற்கரை ஊர்களில் ஏற்கெனவே பையன்கள் கெட்டுப்போகிறார்கள், வலி மாத்திரையையே போதைக்கு விழுங்குகிறார்கள், இதில் கஞ்சாவுக்கு அரசே கடை போட்டுக் கொடுக்க வேண்டுமா என்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் எதையும் திறக்கக் கூடாது. ஆனால் ஒன்று, அந்தப் பையன்களுக்குக் கஞ்சா கிடைப்பது மருந்துக் கடையில் இல்லை. இன்றைய தடை அவர்களைத் தடுக்கவில்லை. அது நன்றாகவே தடுப்பது நோயாளியைத்தான்.

இதற்கு உள்ளூரிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது, மார்ஃபின். இந்தியா சட்டப்படி ஓபியம் விளைவிக்கும் நாடு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் வயல் வயலாக விளைகிறது. 1985 சட்டம் வந்ததும் மார்ஃபின் வைத்திருக்க இத்தனை லைசென்ஸ், அத்தனை டிபார்ட்மென்ட் என்று மாநிலத்துக்கு மாநிலம் விதி. ஒன்று கிடைக்கும்போது இன்னொன்று காலாவதி ஆகியிருக்கும். மருத்துவமனைகள் வெறுத்துப்போய் வாங்குவதையே நிறுத்தின. 1997-ல் நாடு முழுவதற்கும் வலி நிவாரணத்துக்குச் செலவான மார்ஃபின் வெறும் 18 கிலோ. 100 கோடி பேருக்குப் பக்கத்தில் இருந்த நாட்டில் 18 கிலோ! புற்றுநோய் வலியில் கத்திக்கத்திச் செத்தவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு ஒரே அனுமதி போதும் என்று ஆக்கினார்கள். அங்கும் எவரும் "நோயாளிக்கு மருந்து கொடுக்காதே" என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ஆபீசும் அவரவர் ஃபைலில் ஜாக்கிரதையாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்கரையில் நிலைமை இன்னும் விசித்திரம். இலங்கையின் ஆயுர்வேத வைத்தியர்களுக்கு மருந்துக்கான கஞ்சா, வழக்கு முடிந்து நீதிமன்றத்தில் கிடக்கும் பறிமுதல் சரக்கில் இருந்துதான் போய்க்கொண்டிருந்தது. நாலைந்து வருஷம் கிடந்து வீரியம் போய்விடுகிறது, அதனால் அரசே பயிரிடப் போகிறது என்று 2017-ல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அறிவித்தார். நம் கடற்கரையில் இருந்து போன மூட்டையும் அதில் இருந்திருக்கலாம். ராமநாதபுரத்தில் கிடைக்காத மருந்துக்கு ராமநாதபுரம் வழியாகச் சரக்கு!

ஆகவே ஊருக்கு எந்த அதிகாரம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கவுன்ட்டர் எந்த இடத்தில், எத்தனை மணி வரை, பெயர்ப்பலகை வேண்டுமா, பள்ளிக்கூடத்தில் இருந்து எவ்வளவு தூரம், இதெல்லாம் நகராட்சியும் ஊராட்சியும் சொல்லட்டும். ரெஜிஸ்டரின் மொத்தக் கணக்கை, நோயாளி பெயர் இல்லாமல், வருஷம் ஒருமுறை கிராம சபையில் வைக்கட்டும். திருட்டு நடந்தால் மூடச் சொல்லட்டும். ஆனால் "எங்கேயும் வேண்டாம்" என்று சொல்ல மட்டும் முடியக் கூடாது. இங்கே வேண்டாம் என்றால் ஒன்றியத்துக்குள் வேறு எங்கே என்று அதே தீர்மானத்தில் எழுத வேண்டும். எழுத முடியவில்லையா, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வண்டியிலோ நர்ஸ் மூலமோ வீட்டுக்கே மருந்து போகும், அதை ஊர் மறிக்க முடியாது. கலிஃபோர்னியா சுற்றி வளைத்து வந்து சேர்ந்த இடமும் இதுதானே.

உள்ளாட்சிகளை இதில் மதிக்காமல் விடவும் முடியாது. அரசியல் சட்டத்தின் 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 29 இனங்கள் இருக்கின்றன. 23-வது இனம் சுகாதாரம், மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், மருந்தகம். மருந்தகம் என்ற வார்த்தையே அதில் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் இருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர், போக வர ஒரு நாள், கூட ஒரு ஆள், அந்த ஆளின் ஒரு நாள் கூலி. இந்தக் கணக்கை பாம்பன் கிராம சபையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மீனவர் வீட்டுப் பெண் போடுவதைவிடச் சரியாகச் சென்னையில் யாரும் போட முடியாது. வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் அஜெண்டாவில் வரும். 23-வது இனத்தையும் ஒரு தடவை சேர்க்கச் சொல்லிக் கேட்க, ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனு போதும்.