ஹந்தானை ஏற்றத்துக் கறுப்புப் புகை



லொறி வைத்திருக்கும் நானாமார், தம்பிமார் கோபப்படாமல் வாசிக்க வேண்டும். பம்பில் டீசலைக் கூட்டி ஓட்டுவதை நாம் பவர் என்கிறோம். ஹந்தானை ஏற்றத்தில் அதில் ஒரு பங்கு புகையாகத்தான் போகிறது.

டர்போ உள்ள பழைய லொறிகள் பலவற்றில் டீசல் பம்பின் மேல் சிறு டயாபிரம் ஒன்று இருக்கும். டர்போவின் காற்றழுத்தம் வந்தால்தான் அது அமுங்கி, கூடுதல் டீசலுக்கு வழிவிடும். புதிய லொறிகளில் இந்த வேலையைச் சென்சரும் கம்ப்யூட்டரும் பார்க்கின்றன. கராஜில் அந்த ஸ்குருவைத் திருப்பினால், அல்லது புரோகிராமை மாற்றினால், காற்று வருமுன்னே டீசல் பாய்கிறது. முழுதாய் எரியாத டீசல் கரியாகி வெளியே வருகிறது.

வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து மீண்டும் மிதிக்கும் எங்கள் பாதையில், டர்போ வேகமெடுக்கச் சற்று நேரமாகும். புகை கக்குவது அப்போதுதான். அதே வளைவில்தான் எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கிறார்கள். கண்டியோ மலைகளுக்குள் அடைபட்ட கிண்ணம். புகை இலகுவில் கலையாது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே சொல்லிவிட்டது.

காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் எஞ்சினுக்குள் சூடும் எகிறும். பிஸ்டனும் டர்போவும் போனால் செலவு யாருக்கு?

புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் ஸ்குருவைப் பழையபடி வைத்து, சேர்ட்டிபிகேட் கையில் வந்ததும் திரும்பக் கூட்டுவது, 2008இல் நாட்டில் தொடங்கிய நல்லதொரு திட்டத்தை ஏமாற்றும் வேலை. அடுத்தமுறை குறைத்ததை அப்படியே விடுங்கள். லொறி இழுக்காவிட்டால், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டர்போ ஹோஸில் காற்று ஒழுகுகிறதா என்று முதலில் பாஸிடம் பார்க்கச் சொல்லுங்கள்.