தகடுகளை எண்ணியது போதும்

வவுணதீவில் சூரிய மின்நிலையம் உண்டு. வாவியின் இக்கரையிலும் கூரைக்குக் கூரை தகடுகள் மின்னுகின்றன. இத்தனை மெகாவாட் என்று மேடைகளில் முழங்குகிறார்கள். நாமும் தலைப்பிட்டு அச்சிடுகிறோம். நானும் அச்சிட்டவன்தான்.

ஒரு தொழில்நுட்பம் எத்திசையில் நகர்கிறது என்பதைத் தகடுகளின் எண்ணிக்கை சொல்லாது. ஆக்கவுரிமைப் பதிவுகள் சொல்லும். பொருள் சந்தைக்கு வருமுன்பே விண்ணப்பம் போய்விடுகிறது. பதினெட்டு மாதங்களில் அது உலகறிய வெளியிடப்படுகிறது. சீனத்தில் மானியத்துக்காகப் பதிந்தவையும் ஏராளம் என்பது உண்மை. அதனால்தான் விபரமறிந்தோர் பல நாடுகளில் பதியப்பட்டவற்றையே கணக்கெடுக்கின்றனர்.

அக்கணக்கின்படி, சூரிய மின்கல ஆக்கவுரிமைகள் 2000க்குப் பின் விரைந்தேறி, 2011-12 அளவில் உச்சந்தொட்டு, பின்னர் இறங்கின. துறை களைத்துவிட்டது என்று கொள்வது தவறு. 2010க்கும் 2020க்கும் இடையில் சூரிய மின்சாரத்தின் உற்பத்திச் செலவு 80 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. தகட்டுப் போட்டி தொழிற்சாலைகளின் கைக்குப் போயிற்று. புதுப்புனைவாளரின் கவனம் பற்றரியின் பக்கம் திரும்பிற்று. ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகமும் சர்வதேச சக்தி முகவரகமும் 2020இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள்: மின்சேமிப்புத் துறையில் 2000ஆம் ஆண்டு ஏறத்தாழ 1,000ஆக இருந்த புதுப்புனைவுகள் 2018இல் 7,000ஐத் தாண்டின. பகல் மின்சாரத்தை இரவுக்கு வைப்பதெப்படி என்பதே அடுத்த சிக்கல் என ஜப்பானும் கொரியாவும் ஆக்கவுரிமை மொழியில் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தன.

நாம் கேட்டோமா? 2016இல் தொடங்கிய 'சூரியபல சங்கிராமய' 2020க்குள் 200, 2025க்குள் 1,000 மெகாவாட் என்றது. அத்தனையும் உற்பத்திக் கணக்கு. முடிவு என்ன? 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை மக்களை வேண்டிக்கொண்டது. கடன்பட்டுத் தகடு பூட்டியவன், கொளுத்தும் சித்திரை வெயிலில் ஆளியை அணைக்க வேண்டியதாயிற்று!

"ஆக்கவுரிமை பணக்கார நாடுகள் போட்ட பூட்டு, நமக்கென்ன அதில்?" என்பார்கள் சிலர். அரைகுறை அறிவு. ஆக்கவுரிமை பதியப்பட்ட நாட்டில் மட்டுமே செல்லும். இலங்கையில் பதியாத ஒன்றை இங்கு செய்து பயன்படுத்த அது தடையாகாது. இருபதாண்டு கடந்தவை எங்கும் பொதுச்சொத்து. அவற்றின் வரைபடங்களோ இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வாசிக்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாசி என்று சொல்லத்தான் ஆளில்லை.

இத்தனைக்கும் சேமிப்பென்றால் விலையுயர்ந்த பற்றரி மட்டுமல்ல. உபரி மின்சாரத்தில் பகலில் உறைய வைத்த ஐஸும் சேமிப்புத்தான். இரவில் வலைவீசி விடியலில் கரைதிரும்பும் வாவி மீனவனுக்கு வேண்டியது அதுவே. குளிரூட்டும் கட்டடங்களுக்காகப் பிற நாட்டார் அதை எப்போதோ பதிந்து, பயன்படுத்தி, உரிமைக் காலமும் முடிந்துவிட்டது. அடுத்த திறப்புவிழாவுக்கு மாலையோடு வரும் அமைச்சரிடம், அந்தத் தகடுகளின் நண்பகல் மின்சாரம் எங்கே போகப்போகிறது என்று எந்த நிருபராவது கேட்பாரா?