இறுக மூடிய குழாய்

சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, அண்மையில் ஸ்ரீநகருக்கு மாற்றலாகி வந்த குடும்பமொன்றின் தலைவி எழுதியது. "இரவு முழுவதும் குழாயைச் சொட்ட விடும்படி பக்கத்து வீட்டார் சொல்லுகிறார்கள், அண்ணா. தண்ணீரை இப்படி வீணாக்க மனம் ஒப்பவில்லை. அப்படிச் செய்யத்தான் வேண்டுமா?" என்று வினவுகிறார். சகோதரியார் இராமநாதபுரத்துக்காரர். ஒரு குடம் நீருக்குக் காத தூரம் நடந்த பாட்டியின் பேத்தி அப்படிக் கேட்காவிட்டால்தான் வியப்பு.

விடை கூறும் தகுதி நமக்கு உண்டு. அத்தகுதியை நாம் சற்று அதிக விலை கொடுத்தே பெற்றோம்.

காஷ்மீரப் பள்ளத்தாக்கில் நமக்கு அது முதற் குளிர்காலம். பொங்கலுக்கு ஊர் செல்ல விடுப்புக் கிடைத்தது. புறப்படுமுன் வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் இறுக மூடினோம். ஆபீசில் ரொக்கப் பெட்டியைப் பூட்டியபின் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நம் வழக்கம். அவ்வண்ணமே ஒவ்வொரு குழாயையும் மீண்டும் ஒருமுறை திருகினோம். கூரைமேல் தொட்டி நிறைய நீர் இருந்தது. பொறுப்புள்ள குடும்பத்தவர் என்ற மனநிறைவோடு வண்டி ஏறினோம்.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது, சமையலறைக் குழாய் பிளந்திருந்தது, தொட்டி வறண்டிருந்தது. நம் பொருள்கள் நனைந்ததைப் பற்றிக் கவலையில்லை. நாம் குடியிருந்தது மாடிப்பகுதி. கீழ்வீட்டில் பிறந்து ஆறு திங்களே ஆன குழந்தை இருந்தது. அவர்களுடைய மெத்தை, கம்பளி யாவும் நனைந்து, அந்தக் கடுங்குளிரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உறவினர் வீட்டிற்குச் சென்றுவிட்டார்கள். மறுநாள் அக்குடும்பத்துப் பெரியவர் வந்தார். கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. தம் காங்கிரியை நம் கையில் கொடுத்துச் சூடேற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பிளந்த குழாயைப் பார்வையிட்டார். அவர் திட்டியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

குழாய் ஏன் வெடிக்கிறது என்பதை அன்றுதான் கேட்டறிந்தோம். நீர் உறையும்போது பருக்கும். 100 பங்கு நீர் ஏறக்குறைய 109 பங்கு பனிக்கட்டியாகும். இதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால், கட்டி பருத்து அந்த இடத்திலேயே குழாயைப் பிளக்கிறது என்று எண்ணியது பெரும்பாலும் தவறு. குளிர் மிகுந்த ஓரிடத்தில் கட்டி அடைப்புப்போல் உருவாகி வளருகிறது. அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே அகப்பட்ட நீர் போக வழியின்றி நெருக்குண்ணுகிறது. நீரைச் சுருக்க இயலாதாகையால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், எந்த மூட்டு வலுவற்றதோ அது பிளக்கிறது. பிளந்த இடத்தில் கட்டியே இல்லாமலும் இருக்கலாம். வெயில் ஏறிக் கட்டி கரையும் வரை ஒரு சொட்டும் ஒழுகாது. கரைந்தபின் தொட்டி முழுவதும் வெளியே வந்துவிடும்.

ஆக, நாம் இறுகத் திருகிய திருகல்தான் நீருக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்தது. வாய் திறந்திருந்தால் அழுத்தம் தணிந்திருக்கும். பக்கத்து வீட்டார் சொட்டவிடச் சொல்வதன் பொருள் இதுவே. நீர் ஓடிக்கொண்டிருப்பதால் உறைவதும் தாமதப்படும். கடுங்குளிரில் சொட்டும் நீரும் உறையக்கூடும் என்பது வேறு செய்தி. சகோதரியார் வருந்த வேண்டாம். குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்துப் பார்த்தோம். சொட்டுச் சொட்டாக விட்டதில் விடியும்வரை அரை வாளிதான் சேர்ந்தது. அது பாத்திரம் துலக்கப் போதும்.

சொட்டவிடவே மனம் வராவிடில் வேறொரு வழியுண்டு. படுக்கப் போகுமுன் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடி, வீட்டுக் குழாய்கள் யாவற்றையும் திறந்து, தாழ்ந்த குழாய் வழியே நீர் முழுவதும் வடியவிடுக. நீரில்லாத குழாயில் உறைய ஒன்றுமில்லை. ஊருக்குச் செல்வோர்க்கு இதுவே தக்கது. கெய்சரின் மின்விசையை அணைத்துவிட மறக்கலாகாது. நீரின்றிச் சூடேறினால் அதன் கம்பிச்சுருள் கெட்டுவிடும். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்க்குப் பழைய கம்பளியோ சாக்கோ சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டுக. சுற்றிய துணி நனைந்தால் பயனில்லை.

2025 ஜூன் 6 அன்று கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே தொடங்கிவைக்கப்பட்ட வந்தே பாரத் வண்டியில், நீர்த்தொட்டியும் குழாயும் உறையாதிருக்கச் சூடேற்றும் கருவிகளே பொருத்தியிருக்கிறார்கள். வண்டிக்கு அந்தக் கவனிப்பு உண்டு. அதில் வேலை பார்ப்போர் வீட்டிற்குச் சாக்குதான்!

ஏற்கெனவே உறைந்துவிட்டால் அடியில் காகிதம் கொளுத்துவோரைக் கண்டிருக்கிறோம். வேண்டாம். பிளாஸ்டிக் குழாய் உருகிவிடும். மரவேலை மிகுந்த காஷ்மீர வீட்டில் தீப்பற்றவும் கூடும். குழாய்வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வாய்ப்பக்கத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகத் தொட்டிப்பக்கம் நகர்த்துக. கரைந்த நீர் வெளியேற வழி இருக்கவேண்டும் என்பதற்காகவே இந்த ஒழுங்கு. எங்கேனும் விரிசல் கண்டால் முதல் வேலை வால்வை மூடுவது. அந்த வால்வு எங்கிருக்கிறது என்று பகலிலேயே பார்த்து வைக்கவேண்டும். நாம் நம் வீட்டு வால்வைத் தேடியது வீடு நனைந்த பிறகு.

சில்லை கலான் எனும் நாற்பது நாட் கடுங்குளிர் டிசம்பர் 21இல் தொடங்கும். சகோதரியாரின் சமையலறை வடக்குச் சுவரை ஒட்டியது என்று கடிதத்தில் கண்டோம். அந்தச் சுவர்க் குழாய்க்கு இவ்வாரமே சாக்கைச் சுற்றிவிடுக.