அசல் கல்லூரி, அச்சடித்த கல்லூரி

காளஹஸ்தி கடைவீதியில் கலம்காரி துணி இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து, மூங்கில் பேனாவால் கோடு இழுத்து, பலமுறை அலசிக் காயவைத்து, வாரக்கணக்கில் உருவானது. மற்றொன்று, அதே மயிலையும் தாமரையையும் அச்சில் ஏற்றி மணிக்கணக்கில் வந்தது. வெளியூர்க்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். அசலுக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருப்பது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

ஒரு சேலைக்கே இவ்வளவு விசாரிக்கும் ஊர், பிள்ளையை அனுப்பும் வெளிநாட்டுக் கல்லூரியைப் பற்றி எவ்வளவு விசாரிக்கிறது? ஆந்திரத்தின் மற்ற பகுதிகளைப் போலவே சித்தூர், திருப்பதி வட்டாரங்களிலும் அமெரிக்கப் படிப்பு என்பது தனி ஒருவரின் கனவு அல்ல. அது குடும்பத்தின் கனவு. நிலத்தை அடமானம் வைத்து, நகையை விற்று, ராகு கேது பூஜையும் முடித்துத்தான் பிள்ளை விமானம் ஏறுகிறது. பூஜைக்கு நல்ல நேரம் பார்ப்பவர்கள், கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஏஜென்ட் சொன்னால் போதும்.

போதாது என்பதை 2011 ஜனவரி காட்டியது. கலிபோர்னியாவின் பிளசன்டன் நகரில் இருந்த டிரை-வேலி பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் புகுந்தார்கள். சேர்ந்திருந்த மாணவர்கள் 1,500-க்கும் மேல். பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களிலும் ஆந்திரத்தைச் சேர்ந்தவர்களே அதிகம். பாதிக்கு மேற்பட்ட மாணவர்களின் முகவரியாகப் பதிவேட்டில் இருந்தது சன்னிவேல் நகரின் ஒரே அடுக்குமாடி வீடு! சில மாணவர்களின் கணுக்காலில் ரேடியோ பட்டை பூட்டப்பட்டது. இந்திய அரசு கண்டித்தது. நிறுவனர் சூசன் சூவுக்கு 2014-ல் 16 ஆண்டு 6 மாதச் சிறை கிடைத்தது. மாணவர்களில் சிலருக்கு வேறு கல்லூரிக்கு மாற அனுமதி கிடைத்தது. மற்றவர்கள் கடனோடு ஊர் திரும்பினார்கள்.

இத்தனைக்கும் அந்த நிறுவனம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அமெரிக்க அரசின் அனுமதியை 2009-ல் பெற்றிருந்தது. ஐ-20 படிவமும் முறைப்படியே வந்தது. பிறகு எங்கே கோளாறு?

ஏமாந்த பலரும் இடறி விழும் இடம் இதுதான். அமெரிக்காவில் ஒரு கல்விக்கூடத்துக்கு மூன்று தனித்தனி ஒப்புதல்கள் இருக்கலாம். முதலாவது, மாநில அரசு தரும் நடத்தும் உரிமம். இரண்டாவது, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கக் குடியேற்றத் துறை தரும் சான்று. ஐ-20 கொடுக்க இது போதும். மூன்றாவதுதான் அங்கீகாரம். பாடத்திட்டம், ஆசிரியர், வசதி ஆகியவற்றை ஒரு சுயேச்சையான அமைப்பு பரிசோதித்துத் தருவது அது. முதல் இரண்டையும் காட்டி 'அரசு அனுமதி பெற்றது' என்று விளம்பரம் செய்யலாம். அது பொய் அல்ல. ஆனால் மூன்றாவது இருக்கிறது என்று அதற்கு அர்த்தமும் அல்ல.

அங்கீகாரம் தரும் அமைப்பையும் விசாரிக்க வேண்டும். அந்த அமைப்பை அமெரிக்கக் கல்வித் துறை ஏற்றிருக்கிறதா என்பதே கேள்வி. போலிக் கல்லூரிகள் தங்களுக்குத் தாங்களே அங்கீகார அமைப்பு உண்டாக்கிக்கொள்வதும் நடக்கிறது. உண்மையான அமைப்பும் கவிழலாம். ஏசிஐசிஎஸ் என்ற அமைப்பின் தகுதியைக் கல்வித் துறை 2022-ல் அறவே நீக்கியது. அதை மட்டும் நம்பியிருந்த கல்லூரிகள் திண்டாடின.

பட்டியலைப் பார்த்தால் மட்டும் போதுமா? மிச்சிகன் மாநிலத்து ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம், தொழிற்கல்விக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் ஓர் ஆணையத்தின் பட்டியலில் இருந்தது. ஆனால் அங்கே வகுப்பறையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. விசா மோசடியைப் பிடிக்க அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே விரித்த வலை அது. 2019 ஜனவரியில் வலை இழுக்கப்பட்டது. முதல் சுற்றில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். ஆள் சேர்த்த எட்டுப் பேர் மீது வழக்கு. வகுப்பு இல்லை என்று தெரிந்தேதான் சேர்ந்தார்கள் என்றது அரசு. பட்டியலில் பெயர் இருந்ததால் நம்பினோம் என்றது மாணவர் தரப்பு. கட்டணத்தைத் திருப்பிக் கேட்ட வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-ல் சொன்னது. ஆக, காகிதத்தைப் பார்த்த பிறகு கட்டடத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வகுப்பு எந்த நாளில், எந்த ஆசிரியர், ஏற்கெனவே படித்து முடித்தவர் யார் என்று கேட்டால் அசல் கல்லூரி பதில் சொல்லும். 'முதல் நாளிலிருந்தே வேலை பார்க்கலாம், வகுப்புக்கு வர வேண்டாம்' என்று சொல்வது கல்லூரி அல்ல.

அங்கீகாரம் பெற்ற தொழிற்கல்லூரியிலும் கணக்குப் பார்த்துத்தான் சேர வேண்டும். அமெரிக்காவில் சமையல், விமானம் ஓட்டுதல், அழகுக் கலை போன்ற தொழிற்பயிற்சிக்கு எம்-1 விசா. பட்டப்படிப்புக்கு எஃப்-1. எம்-1 மாணவர் படிக்கும்போது வேலை செய்ய முடியாது. முடித்த பின் நாலு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம்தான் பயிற்சி வேலை. உள்ளே போனபின் எஃப்-1-க்கு மாறவும் வழியில்லை. 'முதலில் போய்விடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற ஏஜென்ட்டின் அறிவுரை அங்கே செல்லாது.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் படிப்பு ஒவ்வொன்றும் கிரிகாஸ் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆனால் சமையல், முடிதிருத்தம் படித்தால் நிரந்தரக் குடியுரிமை என்று நம்பிப் போனவர்கள், 2010-ல் அந்த அரசு தொழில் பட்டியலை மாற்றியதும் நடுத்தெருவில் நின்றார்கள். கனடாவில் மாணவர்களைச் சேர்க்கும் தகுதி வேறு, படித்த பின் வேலை அனுமதி பெற்றுத்தரும் தகுதி வேறு. முதலாவது உள்ள தனியார் கல்லூரிகள் பலவற்றுக்கு இரண்டாவது இல்லை.

அங்கீகாரம் இல்லாத பள்ளிகள் எல்லாமே மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. புதிதாகத் தொடங்கி அங்கீகாரத்துக்குக் காத்திருப்பவை உண்டு. சான்றிதழைப் பொருட்படுத்தாமல் கைத்தொழிலை மட்டும் கற்றுத்தருபவை உண்டு. வித்தையைக் கற்று ஊர் திரும்பிச் சொந்தத் தொழில் செய்ய நினைப்பவருக்கு அவை பயன்படலாம். ஆனால் மேற்படிப்பு, வேறு கல்லூரிக்கு மாற்றம், வேலை, இந்தியாவில் சமநிலைச் சான்று, இவற்றில் ஒன்று தேவை என்றாலும் அங்கீகாரம் இல்லாத படிப்பு பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

காளஹஸ்தியில் கலம்காரி கற்ற பலருக்குக் குருவின் வீட்டுத் திண்ணைதான் கல்லூரி. அவர்கள் கையில் சான்றிதழ் இல்லை. வரைந்த துணியே சாட்சி. ஊரார் அந்தக் கையை அறிவார்கள். ஆனால் கடல் கடந்து போகிறவனின் கையை அங்கே யாரும் அறியமாட்டார்கள். அவனுக்காகப் பேசப்போவது ஒரு காகிதம். அது அசலா, அச்சடித்ததா என்று பார்க்க வேண்டியது விமானம் ஏறும் முன்பு, அடமானப் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போடுவதற்கும் முன்பு.